தஞ்சாவூர் கலெக்டர் கச்சேரி: 1799 முதல் இன்றுவரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரிப் படுகையில் பழைய பத்திரத்தையோ பட்டாவையோ கையில் வைத்துக்கொண்டு அலைகிறவர்களுக்கு முதலில் தேவைப்படுவது வக்கீல் அல்ல, கொஞ்சம் வரலாறு. அந்தக் காகிதம் எழுதப்பட்ட வருஷத்தில் அந்த ஊர் எந்தக் கச்சேரிக்கு, அதாவது அரசு அலுவலகத்துக்கு, கீழே இருந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தஞ்சாவூர்க் கலெக்டர் பதவி இடம் மாறியிருக்கிறது, அதிகாரம் கூடிக் குறைந்திருக்கிறது, நான்காகப் பிரிந்திருக்கிறது. காகிதங்களும் அதன் பின்னாலேயே போயிருக்கின்றன.

தஞ்சாவூருக்குக் கலெக்டர் எப்போது வந்தார்? அதற்கு முன் வரி வாங்கியது யார்?

1799 அக்டோபர் 25-ஆம் தேதி இரண்டாம் சரபோஜிக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையில் இந்தப் பதவி தொடங்குகிறது. ராஜ்யத்தின் நிர்வாகம் முழுவதும் கம்பெனிக்குப் போனது. சரபோஜிக்கு மிஞ்சியது தஞ்சாவூர்க் கோட்டையும் அதைச் சுற்றிய சில இடங்களும், ஆண்டுக்கு 1 லட்சம் நட்சத்திரப் பகோடாவும் (அக்காலத் தங்க நாணயம்), நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். அந்த ஐந்தில் ஒரு பங்கைக் கணக்கிடுவதற்கே ஒரு ஒழுங்கான கணக்குக் கச்சேரி தேவைப்பட்டது. தொடக்க காலக் கலெக்டர்களில் நாம் அறிந்த பெயர் சார்லஸ் ஹாரிஸ்.

அதற்கு முந்தைய இருபதாண்டு படு குழப்பம். 1781-ல் ஹைதர் அலியின் படையெடுப்பில் படுகை பாழானது. ஜனங்கள் ஓடிப்போனார்கள், வாய்க்கால்கள் தூர்ந்தன. அந்த நிலையில் பல ஊர்களைச் சேர்த்து ஒரு பெரிய மிராசுதாரிடம் வரிப்பொறுப்பை ஒப்படைக்கும் பட்டக்தார் முறை வேரூன்றியது. இடையில் நின்றவர்கள் பெருத்தார்கள். கம்பெனி வந்த கையோடு செய்த முதல் காரியங்களில் ஒன்று இந்த முறையை ஒழித்தது. குடிகள் மீதான பரிவு என்று இதைப் படிக்க வேண்டியதில்லை. நடுவில் போகிற பணம் நேராகத் தன்னிடம் வரவேண்டும் என்பதுதான் கணக்கு.

ரெசிடெண்ட், கலெக்டர், கவர்னர்: மூவரும் ஒருவரா?

மூன்றும் வெவ்வேறு. ரெசிடெண்ட் என்பவர் அரண்மனையோடு பேசக் கம்பெனி வைத்திருந்த பிரதிநிதி. கலெக்டர் நிலத்தையும் வரியையும் பார்த்தவர். கவர்னர் சென்னையில் இருந்தார். கலெக்டர் எழுதும் கடிதங்கள் அவருக்கு நேராகப் போகாது, 1786-ல் அமைக்கப்பட்ட ரெவின்யூ போர்டு வழியாகத்தான் போகும். அந்த போர்டு 1980 வரை இருந்தது. அதன் இடத்தில்தான் இன்றைய வருவாய் நிர்வாக ஆணையர் வந்தார். பழைய கோப்புகளில் ‘போர்டு ஸ்டாண்டிங் ஆர்டர்’ என்று வந்தால் இந்த போர்டின் நிலையாணைதான். பட்டா, புறம்போக்கு, ஆக்கிரமிப்பு விவகாரங்களில் அந்த ஆணைகள் இன்னமும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

இந்தப் பக்கத்தில் வேறு கவர்னர்களும் இருந்தார்கள். தரங்கம்பாடியில் டேனிஷ் கவர்னர். நாகப்பட்டினம் 1658 முதல் டச்சுக்காரர் கையில் இருந்தது. 1690 முதல் அவர்களுடைய சோழமண்டலக் கரைத் தலைமையிடமும் அதுவே. 1781-ல் அதை ஆங்கிலேயர் பிடித்தார்கள். எனவே ‘எங்க ஊர்ல கவர்னர் பங்களா இருந்துச்சு’ என்று தரங்கம்பாடிக்காரர் சொன்னால் சென்னை கவர்னரை நினைத்துக்கொள்ள வேண்டாம்.

‘கலெக்டர்’ என்றால் வசூலிப்பவர்தானே? மாஜிஸ்டிரேட் எப்படி ஆனார்?

ஆமாம், பெயர் வசூலில் பிறந்ததுதான். 1803-ஆம் ஆண்டின் இரண்டாம் ரெகுலேஷன் சென்னை மாகாணத்தில் கலெக்டரின் கடமைகளை வகுத்தது. அப்போது போலீசும் தண்டனையும் ஜில்லா நீதிபதி கையில். தாமஸ் மன்றோவின் யோசனைப்படி 1816-ல் அது தலைகீழானது: மாஜிஸ்டிரேட் அதிகாரமும் போலீஸ் மேற்பார்வையும் கலெக்டரிடம் வந்தன. கிராமத்தில் சின்ன வழக்குகளைத் தீர்க்கக் கிராம முன்சீப் வந்ததும் அதே 1816-ல். படுகையில் பட்டாமணியார் என்றால் எல்லோருக்கும் புரியும்.

வரி கேட்கிறவனே தண்டிக்கிறவனாகவும் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா? தாசில்தார் கச்சேரியில் வரிபாக்கிக்காரரை நாள் முழுக்க வெயிலில் குனிய வைத்து நிறுத்தியதெல்லாம் இந்த ஏற்பாட்டின் விளைவு. சென்னை மாகாணத்தில் இப்படிச் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்கவே 1854-ல் ஒரு கமிஷன் போட்டார்கள். நடக்கிறது என்று 1855-ல் அது அறிக்கை கொடுத்தது. அதன்பின் 1859-ல் போலீசுக்குத் தனிச்சட்டம் வந்தது.

நீதியைப் பிரிக்கும் வேலை 1950-களில் தொடங்கி, 1974 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு முடிந்தது. இன்று கலெக்டருக்கு மிஞ்சியிருப்பது நிர்வாக மாஜிஸ்டிரேட் அதிகாரம் மட்டும். 144 தடை உத்தரவு, 107 அமைதி காக்கும் பிணை, 145 நிலத்தகராறு என்று வாயில் வருகிற பழைய எண்கள் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 163, 126, 164 ஆகிவிட்டன. மனு எழுதும்போது புதிய எண்ணைப் போடுங்கள். பேச்சில் ‘ஒன் ஃபார்ட்டி ஃபோர்’ இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

தலைமையிடம் முதலிலிருந்தே தஞ்சாவூரா?

இல்லை. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். 1799 முதல் 1845 வரை நாகப்பட்டினம். 1845-ல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு விற்றார்கள்; கச்சேரி தரங்கம்பாடிக்குப் போனது. 1860 வாக்கில்தான் தஞ்சாவூருக்கு வந்தது.

வரிசையைப் பார்த்தாலே காரணம் தெரியும். தஞ்சாவூர்க் கோட்டைக்குள் 1855 வரை ராஜா இருந்தார். நாகையும் தரங்கம்பாடியும் துறைமுகங்கள், வெள்ளைக்காரனுக்குக் கட்டடங்களும் தயாராக இருந்தன. ராஜா இல்லாமல் போய், நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு 1860-களின் தொடக்கத்தில் ரயிலும் வந்த பிறகு கடலோரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் தீர்ந்தது.

இன்று தஞ்சாவூரில் கலெக்டர் அலுவலகம் திருச்சி சாலையில் புதிய வளாகத்தில் இயங்குகிறது. நகருக்குள் இருக்கும் பழைய செங்கல் கட்டடம் அருங்காட்சியகமாகிவிட்டது. மனுவோடு அங்கே போய் இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

1855-ல் ராஜா இறந்ததும் என்ன ஆனது?

சரபோஜியின் மகன் சிவாஜி 1855-ல் ஆண்வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி ராஜ பட்டத்தை முடித்து, அரண்மனைச் சொத்தையும் கையகப்படுத்தியது. மூத்த ராணி காமாட்சிபாய் வழக்குத் தொடுத்தார். 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசு தன் இறைமையால் செய்த செயல், நீதிமன்றம் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டது. சட்டக் கல்லூரிகளில் இந்தத் தீர்ப்பை இன்னமும் படிக்கிறார்கள். தனிச்சொத்து 1862-ல் அரச குடும்பத்திடம் திரும்பியது.

கோட்டைக்குள்ளும் அதை ஒட்டியும் நிலம், மனை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1799-ல் கலெக்டர் எல்லைக்குள் வராமல் ராஜாவிடம் நின்ற இடங்கள் அவை. அரண்மனைக் கணக்குகள் மராத்தியில், மோடி என்ற பழைய எழுத்துமுறையில் இருக்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான்.

கோயில்களும் சத்திரங்களும் கலெக்டரிடமா இருந்தன?

1817-ஆம் ஆண்டின் ஏழாம் ரெகுலேஷன்படி ஆமாம். கோயில், சத்திரம், பாலம் போன்ற தருமங்களின் மேற்பார்வை ரெவின்யூ போர்டுக்கு, அதாவது நடைமுறையில் கலெக்டருக்கு. கிறிஸ்தவ அரசு கோயில் நடத்துவதா என்று இங்கிலாந்தில் எழுந்த எதிர்ப்பால் 1863-ல் கைகழுவினார்கள். 1920-களில் அறநிலைய வாரியம், பிறகு 1951, 1959 சட்டங்களின் வழியே இன்றைய இந்து சமய அறநிலையத் துறை. ஆகவே கோயில் குத்தகை, கோயில் மனை விஷயமாகக் கலெக்டரிடம் மனு கொடுத்தால் அது அறநிலையத் துறைக்கு அனுப்பப்படும். ஒரு மாதம் வீண்.

சத்திரங்கள் கதை வேறு. 1802-ல் சரபோஜி ஒரத்தநாட்டில் ஏற்படுத்திய முக்தாம்பாள் சத்திரம் போன்ற மராட்டியர் சத்திரங்களின் சொத்துக்கு இன்றும் தஞ்சாவூர்க் கலெக்டரே பொறுப்பு. சத்திர நிர்வாகத்துக்குத் தனித் தாசில்தார் உண்டு. அரண்மனை தேவஸ்தானத்தின் 88 கோயில்கள் மூன்றாவது வகை: பரம்பரை அறங்காவலராக அரச குடும்பத்து மூத்தவர். கோயில் நிலம் என்று பொதுவாகச் சொல்லாமல் மூன்றில் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆறும் வாய்க்காலும் கலெக்டர் கையில் இருந்தனவா? இன்று தண்ணீர் திறக்க அவரிடம் கேட்கலாமா?

முதல் அரை நூற்றாண்டு ஆற்றைப் பற்றிய கவலை கலெக்டருடையதுதான். கொள்ளிடம் காவிரியைவிடத் தாழ்வு. வெள்ளம் அந்தப் பக்கமே ஓடும், காவிரியில் மணல் மேடிடும். தண்ணீர் வராத வருஷம் வரியும் வராது. கல்லணையில் 1804-ல் கேப்டன் கால்டுவெல் தொடங்கிய வேலையும், 1830-ல் கட்டிய மணற்போக்கிகளும், 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் முடித்த மேலணை, கீழணை இரண்டும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை. மேலணை முக்கொம்பில், கீழணை அணைக்கரையில்.

1858-ல் இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, பொதுப்பணித் துறை வந்து பொறியாளர்கள் ஆற்றை எடுத்துக்கொண்டார்கள். இன்னொன்று, அந்த ஆண்டின் முதலாம் சட்டம்: வெள்ளத்தில் கரை உடைந்தால் ஊரார் வந்து அடைக்க வேண்டும், வழக்கமான குடிமராமத்தை (ஊரார் கூடிச் செய்யும் வாய்க்கால், கரைப் பராமரிப்பு) செய்ய வேண்டும், தவறினால் பணம் கட்ட வேண்டும். இந்தச் சட்டத்தைப் படித்துவிட்டுக் குடிமராமத்து வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. வழக்கம் அதற்கு வெகுகாலம் முந்தியது. சட்டம் வந்தது வழக்கம் தளர்ந்ததால்.

1934-ல் மேட்டூர் வந்தபின் திறவுகோல் இன்னும் தள்ளிப்போனது. ஜூன் 12 என்ற வழக்கமான தேதியில் திறப்பதா வேண்டாமா என்பது மாநில அரசின் முடிவு. கல்லணைக்கு வரும் தண்ணீரைக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று முறைவைத்துப் பிரிப்பது நீர்வளத்துறைப் பொறியாளர்கள், உபரி கொள்ளிடத்தில். கலெக்டரிடம் கேட்க வேண்டியது வேறு: தூர்வாரும் பணி, வாய்க்கால் ஆக்கிரமிப்பு, கொள்முதல் நிலையம் எங்கே திறப்பது, பயிர்ச்சேதக் கணக்கெடுப்பு. மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்துக்குப் போகும்போது வாய்க்கால் பெயரையும் மதகு இருக்கும் இடத்தையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். ‘கடைமடைக்குத் தண்ணி வரல’ என்று மட்டும் எழுதினால் பதிலும் அதே அளவு பொதுவாகத்தான் வரும்.

1930 வேதாரண்யம் உப்பு யாத்திரையில் கலெக்டர் என்ன செய்தார்?

அப்போது கலெக்டர் ஜே. ஏ. தார்ன். ராஜாஜி தலைமையில் ஏப்ரல் 13-ல் திருச்சியில் கிளம்பியவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்பது குற்றம், ஆறு மாதம் வரை சிறை என்று எச்சரித்து அறிவிப்பு வெளியிட்டார். கைதுசெய்து பெயர் வாங்கித்தருவதைவிடப் பட்டினி போட்டுக் கலைப்பது மேல் என்ற கணக்கு. படுகையில் சோற்றை மறித்து வெல்லலாம் என்று நினைத்ததுதான் பிசகு. மரக்கிளையில் சோற்று மூட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தது, ஆற்றுமணலில் புதைத்து வைத்திருந்தது என்று இந்தப் பக்கம் இன்னும் சொல்வார்கள். ஏப்ரல் 28-ல் வேதாரண்யம், 30-ல் உப்பு, கைது.

மிராசு, குத்தகை, பண்ணையாள் விவகாரங்களில் இந்தக் கச்சேரியின் பங்கு என்ன?

நூற்றைம்பது ஆண்டுகள் கச்சேரி மிராசுதார் பக்கம்தான் சாய்ந்திருந்தது. வரி கட்டியவர் அவர், கணக்கில் பெயரும் அவருடையது. உழுதவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. முதல் உடைப்பு 1952-ல் தஞ்சாவூருக்கென்றே வந்த குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையக்கூடாது, பண்ணையாளை நினைத்தபோது விலக்கக்கூடாது என்றது. ஒரு கிராமத்தில் 6⅔ ஏக்கர்வரை வைத்திருந்தவர்களுக்கு விலக்கு. அந்த 6⅔ எங்கிருந்து வந்தது? அதுதான் ஒரு வேலி. சட்டம் ஏக்கரில் எழுதப்பட்டாலும் எழுதினவர் மனதில் ஓடியது படுகைக் கணக்கு.

விலக்கு இருந்தால் பாகப்பிரிவினை நடக்கும். நடந்தது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதற்குப்பின் நியமிக்கப்பட்ட கமிஷனும், கிழக்குத் தஞ்சைக்காக 1969-ல் வந்த நியாயக் கூலிச் சட்டமும், அதே ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும்தான் உழுகிறவன் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்றின. இன்று குத்தகை வழக்கில் முதலில் கேட்கப்படும் கேள்வி அந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்பதே. வருஷாவருஷம் நெல் அளந்த ரசீது இருந்தாலும், பதிவு இல்லாவிட்டால் வழக்கு இழுக்கும்.

பழைய பத்திரத்தில் ‘தஞ்சாவூர் ஜில்லா’ என்று இருக்கிறது. இப்போது எங்கே தேடுவது?

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜில்லாவில் 9 தாலுக்கா: தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், சீர்காழி, நன்னிலம், நாகப்பட்டினம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை. பிறகு பாபநாசமும் அறந்தாங்கியும் தனித் தாலுக்கா ஆயின. அறந்தாங்கி 1974-ல் புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் போனது. 1991 அக்டோபர் 18-ல் நாகப்பட்டினம் தனி மாவட்டம். 1997 ஜனவரி 1-ல் அதிலிருந்து திருவாரூர். வலங்கைமான் மட்டும் தஞ்சாவூரிலிருந்து சேர்ந்தது. 2020 டிசம்பர் 28-ல் மயிலாடுதுறை, தமிழ்நாட்டின் 38-ஆவது மாவட்டம்.

பெயர் மாற்றங்கள் தனி வம்பு. மாயவரம், மாயூரம், மயிலாடுதுறை மூன்றும் ஒன்றே. கடைசிப் பெயர் 1982-ல் வந்தது.

நடைமுறையில் எப்படித் தேடுவது என்றால், தரங்கம்பாடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1935 பத்திரத்தில் ‘தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுக்கா’ என்று இருக்கும். 1985 பட்டாவில் ‘தஞ்சாவூர் மாவட்டம்’ என்றே தொடரும். 1995-ல் எடுத்த நகலில் ‘நாகப்பட்டினம் மாவட்டம், தரங்கம்பாடி வட்டம்’. இன்றைய கம்ப்யூட்டர் பட்டாவில் ‘மயிலாடுதுறை மாவட்டம்’. நிலம் ஒரு அடி நகரவில்லை. தேடுகிறவர் இந்த நான்கு வரியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். கோப்பு எந்த ஆவண அறையில் இருக்கும் என்பதை ஆண்டுதான் சொல்லும். பிரிவினையின்போது ஓடிக்கொண்டிருந்த கோப்புகள் புதிய மாவட்டத்துக்குப் போகும், முடிந்துபோன கோப்புகள் பழைய அறையிலேயே தங்கிவிடும். நாகையில் ‘இல்லை’ என்றால் அது அழிந்துவிட்டது என்று பொருளல்ல, தஞ்சாவூரில் கேட்டுப்பாருங்கள்.

கம்பெனி காலத்துக் கலெக்டர் கடிதப் போக்குவரத்து வேண்டுமென்றால் மாவட்டத்தில் கிடைக்காது. அது சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில், தஞ்சாவூர் மாவட்டப் பதிவுகள் என்ற வரிசையில் இருக்கிறது.

கோப்பு எண்ணில் ‘மூ.மு.’, ‘ப.மு.’, ‘ஆர்.டிஸ்’ என்றெல்லாம் இருக்கிறதே?

கோப்பின் ஆயுள் அதில் எழுதியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் இல்லாத கோப்புக்காகத் தகவல் உரிமை மனு போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

ந.க. என்றால் நடப்பில் இருக்கிறது. நி.மு. அல்லது ஆர்.டிஸ் என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டியது. ப.மு. அல்லது டி.டிஸ் பத்தாண்டு. மூ.மு. அல்லது கே.டிஸ் மூன்றாண்டு. ஓ.மு. அல்லது எல்.டிஸ் ஓராண்டு. எண்ணுக்குப் பின்னால் வரும் ‘அ1’, ‘ஆ3’ போன்றவை எந்தப் பிரிவின் எந்த இருக்கை என்பதைக் காட்டும். 1988-ல் மூ.மு. என்று முடித்த கோப்பை இன்று கேட்டால், விதிப்படி அழித்தாயிற்று என்று பதில் வரும். அதற்கு ஒரு மாற்றுவழி: கோப்பு போனாலும், அதன் முடிவைக் குறித்த கிராமக் கணக்கும் ‘அ’ பதிவேடும் (ஊர் நிலங்களைப் புல எண்வாரியாகக் காட்டும் பதிவேடு) போகாது. கேட்க வேண்டியது அவற்றின் நகலை.

‘அ’ பதிவேட்டில் ஒரு வரியை எப்படிப் படிப்பது?

ரயத்துவாரி செட்டில்மெண்ட் (நிலம் வைத்திருப்பவர் நேராக அரசுக்குக் கட்டும் தீர்வையை நிர்ணயிப்பது) தஞ்சாவூர் ஜில்லாவில் 1890-களின் முதல் பாதியில் முடிந்தது, 1920-களில் மறுசெட்டில்மெண்ட். ‘அ’ பதிவேட்டின் எலும்புக்கூடு அங்கிருந்து வருவது. ஒரு வரியில் இடமிருந்து: புல எண்ணும் உட்பிரிவும், பழைய புல எண், ரயத்துவாரியா இனாமா (வரிச்சலுகையோடு மானியமாக விட்ட நிலம்), நஞ்சையா புஞ்சையா, பாசன ஆதாரம், ஒருபோகமா இருபோகமா, ‘மண் வயனமும் ரகமும்’, தரம், தீர்வை வீதம், பரப்பு, பட்டா எண்ணும் பெயரும், கடைசியில் குறிப்பு.

ஜனங்கள் பெயரைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். பார்க்க வேண்டியது இரண்டாவது பத்தியும் கடைசிப் பத்தியும். பழைய புல எண்தான் உங்கள் தாத்தா பத்திரத்தோடு இன்றைய பட்டாவை இணைக்கும் பாலம். குறிப்புப் பத்தியில் வாய்க்கால், பாதை, சுடுகாடு என்று சின்ன எழுத்தில் ஒரு சொல் இருக்கும். அது இருந்தால் அந்தத் துண்டுக்குப் பட்டா கிடைக்காது.

1979-ல் தொடங்கிய நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம், எல்லோர் வாயிலும் யு.டி.ஆர்., 1980-களில் இந்தப் பதிவேட்டைத் திருத்தி எழுதியது. ஏக்கர் ஹெக்டேர் ஆனது, கூட்டுப்பட்டாக்கள் பிரிந்தன. இன்றைய பட்டாச் சண்டைகளில் பெரும்பங்கு இங்கே விழுந்த பிழை: அனுபவத்தில் இருந்த பங்காளி ஒருவர் பெயர் மட்டும் ஏறியது, உட்பிரிவு மாறியது, தந்தை பெயர் தவறானது. யு.டி.ஆர். பிழை என்று நிரூபிக்க, திட்டத்துக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டு நகல், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றும் வேண்டும். வெறும் பெயர்மாற்ற மனுவாகப் போட்டால் தாசில்தார் நிலையில் நிராகரிப்பு வரும். பதிவுப் பிழைத் திருத்தம் என்று தலைப்பிட்டு, மாவட்ட வருவாய் அலுவலரிடம் போக வேண்டிய விஷயம் அது. சாதாரணப் பட்டா உத்தரவில் குறை என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அடுத்து மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. கலெக்டர் பெயருக்கே எல்லா மனுவையும் எழுதுகிறவர்கள் ஒரு படியை வீணாக்குகிறார்கள்.

இனாம் கிராமம் என்றால் 1890-கள் பதிவேட்டில் விவரம் தேறாது. 1963-ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் 26, 30 ஆகியவற்றின்படி நடந்த செட்டில்மெண்ட் உத்தரவைத் தேடுங்கள்.

மா, வேலி, பசலி: எப்படி மாற்றுவது?

1 வேலி 20 மா. 1 மா 100 குழி. படுகையில் 3 மா 1 ஏக்கர், ஆகவே 1 மா 33⅓ சென்ட், 1 வேலி 6⅔ ஏக்கர், ஹெக்டேரில் ஏறக்குறைய 2.70. தமிழ்ப் பின்னத்தில் மா என்றால் இருபதில் ஒன்று. வேலியில் இருபதில் ஒன்று என்பதால்தான் அந்தப் பெயர். வடமாவட்டக் காணி 1.32 ஏக்கர், அதை இங்கே கொண்டுவந்து போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடிக்கடி நடக்கிற தவறு ஒன்று. பட்டாவில் 0.13.50 என்று இருந்தால் பதின்மூன்றரை சென்ட் என்று படித்துவிட்டு, நிலம் காணாமல்போனதாகப் பதறுவார்கள். அது 13.5 ஏர். 1 ஏர் 2.47 சென்ட். பெருக்கினால் 33 சென்ட், அதாவது உங்கள் ஒரு மா பத்திரமாக இருக்கிறது.

பசலி என்பது வருவாய்க் கணக்கு ஆண்டு. அதோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு. ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. சம்பா அறுவடை தையில் என்பதால், ஜனவரியில் நடந்த விஷயத்துக்கு அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) கேட்கும்போது முந்தைய ஆண்டில் தொடங்கிய பசலியைச் சொல்ல வேண்டும்.

கணக்குப்பிள்ளை போய் வி.ஏ.ஓ. வந்தது எப்போது? அந்தக் காலத்துக் கணக்குகள் எங்கே?

1980 நவம்பர் 14-ல் அவசரச் சட்டத்தின் மூலம் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டன; அது பசலி 1390. அதுவரை கணக்குக் கட்டுகள் பெரும்பாலும் கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணில் இருந்தன. ஒப்படைத்ததில் விடுபட்டவை விடுபட்டவையே. ஆனால் ஒவ்வொரு பசலியும் ஜமாபந்தியில், அதாவது வருடாந்திர வருவாய்க் கணக்குச் சரிபார்ப்பில், தணிக்கையானது. கிராமத்தில் 2-ஆம் எண் அடங்கலோ 10(1) சிட்டாவோ (பட்டாவாரி நிலக் கணக்கு) கிடைக்கவில்லை என்றால், தாலுக்கா அலுவலக ஆவண அறையில் அந்தப் பசலியின் ஜமாபந்திக் கட்டைக் கேட்டு மனுக் கொடுங்கள். ஜமாபந்தி மே, ஜூனில் நடக்கும்; அந்த நாட்களில் எல்லாக் கணக்கும் மேசைமேல் இருக்கும் என்பதால், பழைய நகல் கேட்க அதைவிட நல்ல வேளை கிடையாது.

காரைக்கால் இந்தக் கலெக்டருக்குக் கீழே இருந்ததா?

இல்லை. 1739-ல் பிரெஞ்சுக்காரர் தஞ்சாவூர் மன்னரிடமிருந்து பெற்றது. 1954 நவம்பர் 1-ல் இந்தியாவிடம் வந்தது. எல்லை தாண்டிய நிலத்துக்குப் பத்திரம் பிரெஞ்சில் இருந்தால், நாகையிலோ மயிலாடுதுறையிலோ கேட்டுப் பயனில்லை. காரைக்காலில்தான் கேட்க வேண்டும்.